கடலில் கால் குரக்கு: ஃபின்ஸ் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கடந்த விடுமுறையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் இலட்சத்தீவுக்குச் சென்று வந்தது. கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய மகன் நன்றாக நீந்தக்கூடியவன். வாடகைக்கு எடுத்த ஃபின்ஸை மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்கப் போனவனுக்கு, கரையை விட்டுச் சற்றுத் தொலைவு சென்றதும் இரண்டு உள்ளங்கால்களிலும் குரக்கு பிடித்துக்கொண்டது. உதற உதற வலி கூடியது. பதற்றத்தில் தண்ணீரையும் குடித்துவிட்டான். அருகில் இருந்த படகுக்காரர் கைகொடுத்ததால், அல்லாஹ்வின் கிருபையால் கரை சேர்ந்தான். ஊர் திரும்பியதும் அவனுடைய வாப்பா நம் அலுவலகத்துக்கு வந்து, "மற்றப் பிள்ளைகளுக்கு உதவும், இதை எழுதுங்கள்" என்றார்.

விசாரித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பையனின் கால் அளவு 41, அதாவது நம் செருப்புக்கடைக் கணக்கில் 7. அவனுக்குக் கிடைத்த ஃபின்ஸ் 44-45. "பெரிதாக இருந்தால் காலுக்கு வசதிதானே" என்று அவன் நினைத்திருக்கிறான். நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆனால் தொளதொளவென்ற ஃபின்ஸ் கழன்று போகாமல் இருக்க, நாம் அறியாமலே கால்விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்கிறோம். அரை மணி நேரம் அப்படி இறுகியே இருக்கும் உள்ளங்கால் தசை, கடைசியில் சுருண்டுகொள்கிறது. மிகவும் இறுக்கமானதும் ஆகாது. அது விரல்களை நெருக்கி, பாதத்தின் வளைவை அழுத்தி, அதே குரக்கைக் கொண்டுவரும்.

ஆகவே போட்டுப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. உட்கார்ந்து காலைத் தூக்கி ஆட்டுங்கள். குதிகால் நழுவக் கூடாது. விரல்களை அசைக்க முடிய வேண்டும். புறங்காலில் எங்கும் கடிக்கக் கூடாது. தண்ணீரில் நனைந்தபின் கால் இன்னும் எளிதாக வழுக்கும் என்பதால், கடையிலேயே தளர்வாக இருப்பது கடலில் நிச்சயம் தளரும். அளவு கொஞ்சம்தான் கூடுதல் என்றால், நியோப்ரீன் துணியாலான மெல்லிய காலுறை அந்த இடைவெளியை நிரப்பும்; தோல் உரசிப் புண்ணாவதையும் தடுக்கும்.

ஃபின்ஸில் இரு வகை உண்டு. குதிகாலையும் மூடி, ஷூவைப் போல் மாட்டுவது ஒன்று. பின்பக்கம் திறந்து, வார் வைத்து இறுக்குவது மற்றொன்று. இதற்குத் தனியாகக் கடல் பூட்ஸ் வேண்டும். இலட்சத்தீவு, அந்தமான், மாலத்தீவு, ஜித்தா பக்கத்துச் செங்கடல் போன்ற வெதுவெதுப்பான கடல்களுக்கு முதல் வகையே போதும்.

அடுத்தது துடுப்பு. நீளமான, விறைப்பான துடுப்பு வேகமாகத் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதை அசைக்கும் பாரம் முழுவதும் கெண்டைக்கால் மேல் விழுகிறது. பழக்கமில்லாதவர்களுக்குக் குட்டையான, கையால் வளைத்தால் எளிதில் வளையும் துடுப்பே ஏற்றது. பாதத்தை நீட்டியபடியே நீந்தும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிய நிலையில் வேலை செய்கிறது. சுருங்கிய தசைக்குத்தான் குரக்கு சீக்கிரம் பிடிக்கும். துடுப்பு பாதத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை.

கீழக்கரையில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தில் வெறுங்காலோடு இறங்கினார்கள். மேலே இழுக்கப் படகில் ஆள் இருந்தது. நம் பிள்ளைகளோ நீண்ட நேரம் காலை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் முழங்காலை மடக்கி, சைக்கிள் மிதிப்பதைப் போல. இடுப்பிலிருந்து, மெதுவாக, காலைத் தளர்வாக வைத்து அடிக்க வேண்டும். தளர்வான நீண்ட ஆடையோடு இறங்கும் நம் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நனைந்த துணி தண்ணீரை இழுத்து, காலுக்கு இரட்டிப்பு வேலை தரும். உடலை ஒட்டிய முழு நீச்சலுடை இப்போது கிடைக்கிறது. இல்லையென்றால் கரையோரத்திலேயே நின்றுகொள்வது நல்லது.

குரக்கு பிடித்துவிட்டால் உதறாதீர்கள். காலடிப்பதை நிறுத்தி, மல்லாந்து மிதந்து, கூட வந்தவரைக் கூப்பிடுங்கள். கெண்டைக்கால் என்றால் முழங்காலை நீட்டி, ஃபின்ஸின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். உள்ளங்கால் என்றால் ஃபின்ஸைக் கழற்றி, விரல்களை மேல்நோக்கி மடக்குங்கள். வலி போனதும் மறுபடி வேகமாக அடிக்காமல் மெதுவாகக் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். தனியாகப் போகக் கூடாது என்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஃபின்ஸ் கடித்துக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. கரையேறியதும் விரலிடுக்கு வரை கண்ணால் பார்த்துவிட வேண்டும். நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குரக்கு வரும் வாய்ப்பு கூடுதல். பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தமாக வாங்கியவர்கள் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். சுவரில் சாய்த்து நிறுத்தினால் துடுப்பு வளைந்துபோகும். வாங்கும்போது பாதப் பகுதிக்குள் வைத்துத் தரும் பிளாஸ்டிக் அச்சைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அதைத் திரும்ப உள்ளே செருகி வைக்காவிட்டால், ரப்பர் நசுங்கி அடுத்த முறை காலைக் கடிக்கும்.