சிவப்பு மையைப் படிப்பது யார்?

ஏப்ரல் வெயிலில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு தெருவில் இறங்கும் நேரத்தில், தமிழ்நாட்டின் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் 'கேம்ப்'புக்குக் கிளம்புவார்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. பெயர், பதிவெண், புகைப்படம் உள்ள பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் தாள் மேசைக்கு வரும். மிஞ்சுவது ஒரு டம்மி நம்பர். எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர்ப் பிள்ளை, எதுவும் திருத்துபவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

மேசைக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர். எல்லாரும் 'சிஇ' என்பார்கள். கூட்டலையும் விடுபட்ட விடைகளையும் பார்க்க ஒரு கூர்ந்தாய்வாளர், 'எஸ்ஓ'. சுற்றிலும் திருத்தும் உதவித் தேர்வாளர்கள், 'ஏஇ'. நடுவில் கீதை போலக் கிடப்பது 'கீ', அதாவது விடைக்குறிப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கில் 8 மதிப்பெண் வடிவியல் வினா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உதவிப்படத்துக்கு இவ்வளவு, சரியான படத்துக்கு இவ்வளவு என்று கீ பிரித்துத் தந்திருக்கும். கவராயம் நழுவிக் கடைசிப் புள்ளி தவறினாலும் அதுவரை வந்ததற்கு ஸ்டெப் மார்க் உண்டு. வினாவே தப்பாக அச்சாகியிருந்தால், அதைத் தொட்டவர்களுக்கெல்லாம் மார்க் கொடுக்கச் சொல்லிச் சில ஆண்டுகளில் உத்தரவு வரும். அன்றைக்கு, வினா எண்ணை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போன பிள்ளைக்கும் யோகம்தான்.

இந்தக் கட்டுப்பெட்டித்தனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர், 1912-லும் 1913-லும் ஒரே விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். மொழிப்பாடத் தாளுக்கு ஆளுக்கொரு மார்க் வந்தது. சரி, கட்டுரை என்றால் அப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அடுத்து இருவரும் வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதே தாளுக்கு ஒருவர் 28 போட்டார், இன்னொருவர் 90-க்கு மேல் போட்டார். கீ இல்லாமல் பொதுத்தேர்வு நடத்தினால், ஒரு பிள்ளையின் மருத்துவம்சார் படிப்பும் பொறியியலும் திருத்துபவரின் அன்றைய மனநிலையில் தொங்கும்.

கேம்ப்பில் ஆசிரியரின் பேனா பயந்துகொண்டுதான் ஓடுகிறது. கூட்டலில் பத்து மார்க் விட்டுப்போய், மறுகூட்டலில் அது வெளியே வந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். சமயத்தில் '17-பி' என்ற ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும். அரசு ஊழியர் வீடுகளில் இந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. ஆகவே அங்கே ஏஇ போடும் ஒவ்வொரு டிக்கும் எஸ்ஓவின் கண்ணுக்காகவும் சிஇயின் கண்ணுக்காகவும் போடப்படுவது. பிள்ளை அதைப் பார்க்கப்போவதில்லை. பணம் கட்டி நகல் வாங்கினால்தான் உண்டு. திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது. பார்த்தால் அதில் என்ன இருக்கும்? ஓரத்தில் 3. ஐந்தில் ஏன் 3 என்பதற்கு ஒரு சொல் இருக்காது. கேம்ப் அதற்கான இடமும் இல்லை.

வில்லங்கம் ஜூன் மாதத்தில் ஆரம்பிக்கிறது. அதே ஆசிரியர், அதே பேனா, இப்போது வகுப்பறையில். எதிரே பெயருள்ள, முகமுள்ள பிள்ளை. கையிலோ வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, கட்டுரை நோட்டு, தேர்வு நோட்டு என்று கட்டுக் கட்டாக. பக்கத்துக்கு ஒரு டிக், கீழே சுருக்கொப்பம், தேதி. மனசு வந்தால் 'குட்'. 'வெரிகுட்'டுக்கும் 'குட்'டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் போட்டவருக்கே சொல்லத் தெரியாது. கட்டுரை நடுவில் சினிமாப் பாட்டு வரியைச் செருகி அதற்கும் டிக் வாங்கிய வீரர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. டிக் போடுவது படிப்பதற்கான அத்தாட்சி அல்ல என்பதைப் பிள்ளைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றைப் பார்த்தேன். தலைப்பு 'எங்கள் ஊர்'. பிள்ளை எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எங்க ஊரு ஏரியில தன்னி வத்தி போச்சி. எங்க அப்பா மாட்ட பம்பு செட்டுக்கு ஓட்டிட்டு போவாரு. பம்பு செட்டுகாரரு ஒருநாள் விட்டா ஒருநாள் தான் விடுவாரு." 'தன்னி'யைச் சுற்றி ஒரு வட்டம். 'போச்சி'யைச் சுற்றி ஒன்று. 'போவாரு'வுக்கு அடிக்கோடு. ஓரத்தில் 'பேச்சு வழக்கு', கீழே பத்துக்கு 4. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் நோட்டில் குறிப்புச்சட்டகம், முன்னுரை, இயற்கை வளம், மக்களின் தொழில், முடிவுரை எல்லாம் கச்சிதமாக இருந்தன. உரைநூலிலிருந்து இறக்கியது. ஒரு பிழை இல்லை, ஊரும் இல்லை. பத்துக்கு 8.

வட்டம் போட்டதில் தப்பில்லை. ண, ன குழப்பத்தை ஏழாம் வகுப்பில் சொல்லாவிட்டால் பிறகு யார் சொல்வது? ஆனால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் மற்ற நாளில் மாட்டுக்கு எங்கே தண்ணி காட்டினீர்கள் என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தை நிரப்பியிருக்கும். மாறாக அது கற்றுக்கொண்டது, அடுத்த தடவை உரைநூலைப் பார்த்து எழுதுவது.

இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையை மேலும் நன்றாகச் செய்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களுக்கு நியாயப்படி அதைவிட நன்றாக நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். ஓரத்தில் எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. தாளைக் கையில் வாங்கியதும் நம் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை பக்கத்தில் இருப்பவனிடம் 'உனக்கு எவ்ளோ?' என்று கேட்பது. இரண்டாவது வேலை, சாரிடம் போய் அரை மார்க்குக்குச் சண்டை போடுவது.

குறிப்புரை எழுதச் சொன்னால் ஆசிரியர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஐந்து பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர், இருநூறு நோட்டு. ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் பத்து மணி நேரம். கட்டைப்பையில் வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சீரியல் ஓடும் நேரத்தில் திருத்தினாலும் தீராது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எல்லாப் பக்கத்திலும் டிக் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டது பிள்ளை அல்ல. தலைமையாசிரியர் கேட்கிறார், அவரை வட்டாரக் கல்வி அலுவலரோ மாவட்டக் கல்வி அலுவலரோ கேட்பார். ஆய்வுக்கு வருகிற அலுவலர் நோட்டை மளமளவென்று புரட்டுவார். கையெழுத்து இல்லாத பக்கம் சிக்கினால் ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும். கேம்ப்பில் சிஇக்காக ஓடிய பேனா, பள்ளியில் ஆய்வு அலுவலருக்காக ஓடுகிறது.

அரசு சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது, கூடவே தொடர் மதிப்பீடும் வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, ஏ1-இலிருந்து கிரேடுகள். பிள்ளை செய்வதைக் கவனித்து, அவ்வப்போது சொல்லிக் கொடுப்பதற்கான 40 அது. பல இடங்களில் அது பதிவேடு நிரப்பும் வேலையாகவும், சார்ட் பேப்பர் கடைக்காரருக்குச் சீசனாகவும் முடிந்தது. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்பப் பாடம் நடத்தச் சொன்னார்கள். நல்ல யோசனை. மதிப்பீடு செல்போன் செயலிக்குப் போனதும், சிக்னல் தேடி மாடிப்படியில் நிற்கும் ஆசிரியரையும் அதே திட்டம் உருவாக்கியது. சிவப்பு மை போய் சர்வர் வந்தது. படிக்கிறவர் இன்னும் தூரமாகிவிட்டார்.

சில ஆசிரியர்கள் இதற்குள்ளேயே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மதிப்பெண்ணைத் தங்கள் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் நோட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதித் தருகிறார்கள். பிழையைத் தாங்கள் திருத்தாமல் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்து, எங்கே தப்பு என்று பிள்ளையே தேடட்டும் என்று விடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு பிரிவின் கட்டுரை நோட்டை மட்டும் முழுசாகப் படிக்கிறார்கள், மற்றதற்கு டிக். பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்லும் பழைய வைத்தியத்தைவிட இவையெல்லாம் தேவலாம். பத்துத் தடவை எழுதச் சொன்னால், முதல் தடவையே தப்பாக எழுதி, மீதி ஒன்பதையும் அதைப் பார்த்தே எழுதிவைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வதும் ஆய்வில்தான். பிழை திருத்தப்படவில்லை, மதிப்பெண் இடப்படவில்லை என்று குறிப்பு எழுதப்படும். அதற்குப் பதிலாக, ஆய்வுக்கு வருகிறவர் ஏதாவது ஒரு நோட்டை எடுத்து, அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு, "டீச்சர் இதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நீ எதை மாற்றினாய், காட்டு பார்க்கலாம்" என்று கேட்கலாம். வகுப்புக்கு நாலு பிள்ளைகளிடம் கேட்டால் போதும். அதற்குப் புதுச் செயலி வேண்டாம், பயிற்சி முகாம் வேண்டாம், படிவத்தில் கையெழுத்து எண்ணும் கட்டத்தை மட்டும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.