முதற் பாவு

கோயில்களாலும் பட்டினாலும் புகழ் பெற்றது காஞ்சி மாநகரம். பல்லவர் தலைநகராய் விளங்கிய அவ்வூரில், நெசவாளர் வாழும் சில தெருக்களில் இன்றும் விடியற்காலையில் ஓர் அழகிய காட்சியைக் காணலாம். வண்ணம் தோய்த்த பட்டிழைகள் வீட்டு வாயில்களின் முன்னே தெருவின் நெடுகிலும் இழுத்துக் கட்டப்பெற்றிருக்கும். ஆடவரும் பெண்டிரும் இருபுறமும் நின்று, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்தும், அறுந்த இழைகளை முடிந்தும் சீர் செய்வர். வெயில் ஏறுமுன் அப்பணி முடிதல் வேண்டும். இவ்வாறு சீர் செய்யப்பெற்ற நீளவாட்டு இழைத்தொகுதி பாவு எனப்படும். அதன் குறுக்கே நாடாவினால் செலுத்தப்பெறும் இழை ஊடை எனப்படும். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலைகள் நெய்யலாம்.

அப்பாவு யாருடையது என்பது நெசவாளர் வாழ்வில் ஒரு பெரிய வினாவாகும். காஞ்சி நெசவாளருள் பலர் கூலிக்கு நெய்பவர். முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பட்டும் சரிகையும் கொடுக்க, அவற்றைச் சேலையாக்கித் தந்து கூலி பெறுவர். அத்தகையோர் ஒருவர்க்கு, 'நம் முதலில் நாமே பட்டு வாங்கி, நாமே நெய்து, நாமே விற்றல் வேண்டும்' என்னும் எண்ணம் எழுகின்றது என்று கொள்வோம். அவரிடம் கைத்திறன் உண்டு, தறியும் உண்டு. கருநாடகத்திலிருந்து வரும் பட்டும், சூரத்திலிருந்து வரும் சரிகையும் வாங்குவதற்குப் பணம் வேண்டும். பகற்பொழுதில் இனிக்கும் இவ்வெண்ணமே இரவில் அச்சுறுத்தத் தொடங்கும்.

பட்டின் விலை திடீரென ஏறிவிட்டால் என் செய்வது? சாயம் இறங்கிவிட்டால்? சேலையைக் கடனாக வாங்கிச் சென்ற கடைக்காரர் பணம் தாராது நாள் கடத்தினால்? விசைத்தறியில் நெய்த போலிச் சேலை அடுத்த கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால்? இவற்றோடு தாயின் மருந்துச் செலவும் மகளின் கல்விச் செலவும் வந்து சேர்ந்துகொள்ளும். இவை ஒன்றன்பின் ஒன்றாக வருவன அல்ல. யாவும் ஒருங்கே வந்து, சிக்குண்ட நூல்போல் மனத்தைப் பின்னிக்கொள்ளும். அந்நிலையில் ஒன்றையும் தொடாது வாளா இருப்பர் சிலர். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டு, எதனையும் முடியாமல் களைத்து வீழ்வர் வேறு சிலர். முன்னவரைச் சோம்பர் என்றும், பின்னவரை ஊக்கமுடையவர் என்றும் உலகம் கூறும். இருவரையும் ஆட்டிவைப்பது ஒரே அச்சந்தான் என்பதை அவ்வுலகம் அறியாது.

நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர் என்று செவிவழிச் செய்தி கூறும் திருவள்ளுவர், அச்சம் முழுவதையும் இழிவென்று ஒதுக்கினார் அல்லர். அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்பது அவர் கருத்து. வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திற்கு இருபது அதிகாரங்கள் முன்னரே தெரிந்து செயல்வகையை அவர் வைத்திருத்தல் கருதத் தக்கது. செயலில் இறங்குமுன் கெடக்கூடியது எவ்வளவு, ஆகக்கூடியது எவ்வளவு, அதன்பின் தொடர்ந்து வரும் ஊதியம் யாது என்று எண்ணுமாறு அவ்வதிகாரம் பணிக்கின்றது. அந்நூலுக்கு உரை கண்ட பரிமேலழகர் காஞ்சியில் வாழ்ந்தவர் என்பர். நெசவாளர் ஊரில் அவ்வுரை எழுந்தது எனின், அதுவும் பொருத்தமே.

இவ்வாறு எண்ணுதல் மனத்தளவில் நின்றுவிடின் பயன் இல்லை. மனம் ஒரே அச்சத்தைப் பத்து முறை எண்ணிப் பத்து அச்சங்களாகக் காட்டும். ஆதலின் அவற்றைத் தாளில் எழுதுதல் வேண்டும். எழுதி நோக்கினால், அவற்றுள் சிலவற்றுக்கு நாள் குறிக்கப்பெற்றிருப்பது விளங்கும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நிகழ்வதில்லை. அத்திங்கள்களில் பட்டுச் சேலையை நாடுவோர் குறைவர். ஐப்பசி, கார்த்திகையில் மழை மிகும்; குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஏறும்; தெருவில் பாவு போட இயலாது. இவை எதிர்பாராது விழும் இடிகள் அல்ல. ஆண்டுதோறும் வரும் விருந்தினர். விருந்தினர் வருகையை அறிந்தவர் அதற்குரிய அரிசியை முன்னரே எடுத்து வைப்பர். தையிலும் மாசியிலும் வந்த பணத்தில் ஒரு பகுதியை ஆடிக்கென ஒதுக்குபவர்க்கு ஆடி அச்சமாக இராது; ஒரு செலவாகவே இருக்கும்.

வேறு சில அச்சங்களுக்கு நாள் இல்லை, தொகை உண்டு. ஒரு பாவு முழுவதும் கெட்டுப் போனால் இழப்பு எவ்வளவு? அவ்விழப்பை வீடு தாங்குமா? தாங்கும் எனின் தொடங்கலாம். தாங்காது எனின், கனவைக் கைவிட வேண்டுவதில்லை. பாவைச் சிறிதாக்கினால் போதும். ஐந்து தறி போட எண்ணியவர் ஒரு தறியில் தொடங்கலாம். கனத்த சரிகைச் சேலையை எண்ணியவர் சரிகை குறைந்த சேலையில் தொடங்கலாம். மாறாக, ஏறிக்கொண்டே போகும் வட்டிக்குக் கடன் வாங்கி, பெரிதாகத் தொடங்குதல் துணிவு ஆகாது. அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமைக்கு வேறு பெயர் உண்டு. இவ்வளவும் எழுதிய பின்னர் எஞ்சி நிற்பது, 'ஊரார் நகைப்பரே' என்னும் ஓர் அச்சம். அதற்குக் கணக்கேட்டில் இடம் இல்லை.

காஞ்சியோடு தொடர்புடைய பழைய வரலாறு ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. பல்லவ மன்னன் ஒருவன் காஞ்சியில் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்தான். கயிலாசநாதர் கோயிலே அது என்பர். அவன் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். அந்நாளில் திருநின்றவூர்ப் பூசலார் எடுத்த கோயிலில் தாம் புகவிருப்பதாக இறைவன் அவன் கனவில் தோன்றிக் கூறினான். மன்னன் திருநின்றவூர் சென்று தேட, அங்குக் கோயில் எதுவும் காணப்படவில்லை. பொருளற்ற பூசலார் அதனைத் தம் மனத்திலேயே கட்டியிருந்தார். அன்பின் பெருமையை விளக்குதற்கு இவ்வரலாற்றைக் கூறுவது வழக்கம். ஆயினும் அக்கோயில் எழுந்த முறையைச் சேக்கிழார் கூறும் வரிசையும் நோக்கத் தக்கதே. முதலில் பொருளும் கருவிகளும் தேடப்படுகின்றன, பின்னர்த் தச்சர் வருகின்றனர், நல்ல நாள் பார்க்கப்படுகின்றது, அடித்தளம் இடப்படுகின்றது, நிலைகள் எழுகின்றன, சிகரம் அமைகின்றது, சுதை வேலை முடிகின்றது, கிணறும் மதிலும் குளமும் அமைகின்றன. மனத்தில் கட்டுவதற்கு ஒரு நொடி போதும் அன்றோ? பூசலாரோ நெடுநாள் எடுத்துக்கொண்டார். கிணறு தோண்டும் நாளில் சிகரத்தைப் பற்றி அவர் கலங்கியதாகச் செய்தி இல்லை.

வரிசைப்படி செய்யினும் இடையில் பேரிடர் வந்து சேர்தல் உண்டு. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகளால் பத்து இலட்சம் ரூபாய் திரட்டுவது அவர் திட்டம். கம்பெனிக்கெனச் சொந்தக் கப்பல் வருமுன், வாடகைக்கு எடுத்த கப்பல்கள் ஓடின. ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் அக்கப்பல்களின் உடைமையாளர் அவற்றைத் தர மறுத்தனர். பங்கு வாங்கியோர் கலங்கினர். அவ்வேளையில் சிதம்பரனார் முதலில் செய்தது, தொடங்கிய போக்குவரத்து நில்லாதவாறு கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தியதே. அதன் பின்னரே பம்பாய் சென்றார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாக வந்தன. 1908-இல் அவர் சிறை புகுந்தார்; 1911-இல் கம்பெனியும் கலைக்கப்பெற்றது. துணிந்தவர்க்கு இழப்பு நேராது என்று இளைஞர்க்குக் கூறுதல் பொய்யாகும். நேரக்கூடும் என்று அறிந்தும், அடுத்துச் செய்ய வேண்டியதை அவர் செய்தார் என்பதே மெய்.

அவ்விழப்பு ஒருவர் தலையில் விழாதபடி பகிர்ந்துகொள்ளும் வழியும் உண்டு. அதனைக் காஞ்சித் தறியே காட்டும். காஞ்சிச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைத்து, இரண்டையும் ஒவ்வோர் ஊடையிலும் கோத்து நெய்வது கோர்வை எனப்படும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஆதலின் மரபுப்படி நெசவாளர் பக்கத்தில் துணையாள் ஒருவரும் அமர்ந்து நாடா வீசுவார். தனி ஒருவர் எத்துணைத் திறமை உடையவராயினும், அம்முறையில் தாமே இரண்டு இடங்களில் அமர்தல் இயலாது.

முதலீட்டிலும் இத்தகைய துணை வேண்டும் என்பதைக் காஞ்சி நெடுநாள் முன்னரே உணர்ந்தது. சென்னை அரசினரின் ஆணைப்படி ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய்ந்த சர் பிரடரிக் நிக்கல்சன், 1895-ஆம் ஆண்டிலும் 1897-ஆம் ஆண்டிலும் தம் அறிக்கையை இரு பகுதிகளாக அளித்தார். செருமானிய நாட்டு உழவர்க்கு ரைபைசனும், நகரத்துக் கைவினைஞர்க்கு சூல்ச என்பவரும் அமைத்த சங்கங்களின் வரலாறு இந்நாட்டில் பரவியது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் காஞ்சிபுரத்தில் ஒரு நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்றது. இந்திய நாட்டின் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் முதன்முதற் பதிவு பெற்றது அதுவே. கோயில்களைக் காண வரும் பல்லாயிரவருள் இச்செய்தியை அறிந்தோர் எத்தனை பேர்? உறுப்பினர் சிறு தொகைகளை ஒன்று சேர்த்து, ஒருவர்க்கொருவர் பிணை நின்று, குறைந்த வட்டிக்குக் கடன் பெறுவதே இத்தகைய சங்கங்களின் முறை. ஒருவர்க்கு அச்சமாய் நிற்கும் தொகை, நூற்றுவர்க்கு இடையே பகுக்கப்படும்போது கணக்காக மாறுகின்றது.

இங்கிலாந்திலும் இவ்வுண்மையைக் கண்டவருள் நெசவாளர் இருந்தனர். ராச்டேல் என்னும் ஊரில் இருபத்தெண்மர், வாரந்தோறும் சில பென்சுகள் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் திரட்டினர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இரவு ஒரு சிறு கடையைத் திறந்தனர். அங்கு இருந்த சரக்கு சிறிது மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்றனவே. தெருவில் சிறுவர் கூடி நகைக்க, கதவை யார் முதலில் திறப்பது என்று அவர்கள் தயங்கினர் என்பர். தயங்கியும் திறந்தனர். இன்று உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் அக்கடையைத் தம் முன்னோடியாகப் போற்றுகின்றன.

இனி, முதற் பாவு போட்ட நெசவாளரிடம் திரும்புவோம். அவருடைய அச்சங்களுள் யாவும் நீங்கிவிடவில்லை. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985-இல் இயற்றப்பெற்றது. 2005-06-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் போலிகள் அடியோடு ஒழிந்தபாடில்லை. ஆகவே தம் சேலையின் கோர்வையைப் புரட்டிக் காட்டி, வாங்குவோர்க்கு வேறுபாட்டை விளக்கும் பணியும் அவருக்கு உண்டு. கடனுக்குச் சேலை கேட்கும் கடைக்காரரிடம், மூன்றில் ஒன்றனுக்கேனும் கைப்பணம் கேட்டு வாங்கும் உறுதியும் வேண்டும். நெய்வதைக் காட்டிலும் இது கடினம் என்று நெசவாளர் கூறுவர்.

மூன்றாம் சேலை தறியிலிருந்து இறங்கியபின், பழைய பாவின் முனையை முற்றும் அகற்றிவிடுவதில்லை. புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு முறுக்கிப் பிணைப்பர். அவ்வாறு பிணைக்க வேண்டிய இழைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இப்பிணைப்பு முடிந்து தறி மீண்டும் ஓடத் தொடங்குமுன், முதற் பாவின் வரவும் செலவும் ஏட்டில் எழுதப்பெற்றிருத்தல் நன்று. அடுத்த பாவின் பட்டுக்கு எவ்வளவு முதல் எஞ்சியது என்பது அவ்வேட்டில்தான் தெரியும்.