முளைக்காத சோயா: கோளாறு தொடங்குவது களத்து மேட்டில்

2020 ஜூனில் மகாராஷ்டிரத்தின் மராத்வாடா, விதர்பா பகுதிகளில் விதைத்த சோயா பல வயல்களில் முளைக்கவே இல்லை. விவசாயிகளின் புகார்கள் குவிந்தன. மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. விதை நிறுவனங்கள்மீது கோபம் திரும்பியது இயல்புதான். ஆனால் கோளாறுக்கு முக்கியமான ஒரு காரணம் எட்டு மாதம் முன்பே விழுந்துவிட்டது: 2019 அக்டோபரில், அறுவடை நேரத்தில் கொட்டிய மழை.

சோயா விதை அவ்வளவு பூஞ்சையானது. எடையில் சுமார் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். சூடும் ஈரமும் சேர்ந்தால் உயிர்ப்பு சீக்கிரம் போய்விடும். தோலோ மிக மெல்லியது. முளைவேர் அந்தத் தோலுக்கு அடியிலேயே, விதையின் ஓரமாகப் படுத்திருக்கிறது. மூட்டையைத் தோளிலிருந்து தொப்பென்று தரையில் போட்டால் வெளியே கீறல்கூடத் தெரியாது. உள்ளே முளைவேர் அடிபட்டிருக்கும். எண்ணெய் ஆலைக்கு அது போதும், விதைப்புக்கு உதவாது. சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதம் என்றால் சோயாவுக்கு 70 சதவீதம்தான்.

ஒரு வசதி உண்டு. சோயா தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒருமுறை சான்று விதை வாங்கினால் அதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் சொந்த விதையே எடுக்கலாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் இதை அனுமதிக்கிறது. ஏக்கருக்கு 30 கிலோ விதை வேண்டியிருக்கும் பயிரில் இது சின்ன மிச்சமல்ல.

விதைக்கென ஒதுக்கும் பகுதியில் பூவின் நிறம் பார்த்துக் கலவன் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். அது பழகிய வேலை. சிரமம் கதிரடிப்பில்தான். ஈரப்பதம் 13, 14 சதவீதத்தில் இருக்கும்போது, இயந்திரத்தின் உருளை நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்றுக்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும் என்கிறார்கள். வாடகை இயந்திரக்காரருக்கோ மூட்டைக் கணக்கில் கூலி; அடுத்த வயல்காரர் வேறு காத்திருக்கிறார். மெதுவாக ஓட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்?

சிறு விவசாயிக்குச் சாதகமான இடமும் இதுதான் என்று தோன்றுகிறது. இரண்டு ஏக்கருக்கு 60 கிலோ போதும். அந்த அளவைத் தார்ப்பாயில் பரப்பிக் கம்பால் தட்டியே எடுத்துவிடலாம். பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் விதை இயந்திரம், லாரி, கிடங்கு என்று எத்தனையோ முறை விழுந்து எழுகிறது. இரண்டு மூட்டைக்காரருக்கு அந்தப் பாடு இல்லை. கையில் காசில்லாத அக்டோபரில் அந்த இரண்டு மூட்டையையும் விற்காமல் வைத்திருப்பதுதான் பலருக்குக் கஷ்டம்.

அடுத்தது காய்ச்சல். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதையியலில் ஹாரிங்டன் விதி. வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் அதே பலன். அகோலாவிலும் லாத்தூரிலும் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதை யாரும் குறைக்க முடியாது, ஈரத்தைக் குறைக்கலாம். 12 சதவீதத்துக்கு மேல் வைக்கவே கூடாது, 10 வரை காய்ந்தால் நல்லது. சணல் சாக்கில் கட்டி, மரப்பலகைமேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். அட்டியை உயர்த்தினால் அடிமூட்டை நசுங்கும். உர மூட்டைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

மே மாதமே சோதித்துவிடுவது புத்திசாலித்தனம். மூட்டையின் மேல், நடு, அடியிலிருந்து கலந்து எடுத்த 100 விதைகளை நனைத்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, ஒரு வாரத்தில் பிரித்து எண்ண வேண்டும். நல்ல முளை 70 இருந்தால் ஏக்கருக்கு வழக்கமான 30 கிலோ. 60 என்றால் 35 கிலோ. பாதிகூடத் தேறாவிட்டால் அந்த மூட்டை மண்டிக்குத்தான். வேறு விதை தேட ஜூன் மழைவரை அவகாசம் இருக்கிறது.