பம்பு செட்டுகளுக்கேற்ற சுவிச்சுப் பெட்டி

பல்லடம் தாலுகாவில் கிணற்றுப் பாசனம் செய்யும் குடியானவர்கள் மோட்டாரையும் பம்பையும் வாங்கும்பொழுது காட்டும் கவனத்தை, ஸ்டார்ட்டரையும் பியூஸ் கட்டைகளையும் அடக்கிவைக்கும் பெட்டியை வாங்கும்பொழுது காட்டுவதில்லை. கடையில் கிடைத்ததே போதுமென்று விட்டுவிடுகின்றனர். அப்பெட்டி வெறும் மூடியன்று. மோட்டாரின் ஆயுளும், அதனைத் தொடுவோரின் உயிரும் அதைப் பொறுத்தே நிற்கின்றன. ஆகையால் எவ்விடத்திற்கு எப்பொருளாலான பெட்டி உசிதம் என்பதை இங்கு விவரிப்போம்.

1932-ஆம் ஆண்டில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கவலை பூட்டி இறைத்துவந்த கோயம்புத்தூர்ச் சீமைக் கிணறுகளுக்கு மின்சார மோட்டார்கள் படிப்படியாக வந்து சேர்ந்தன. 2009-ஆம் ஆண்டில் அமைந்த திருப்பூர் ஜில்லாவில் இன்று சேர்ந்துள்ள பல்லடம் பகுதியில், மின்சாரப் பெட்டி கிணற்றடியில் மாத்திரமன்றிக் கோழிக் கொட்டகையிலும் தறிக் கூடத்திலும் தொங்குகின்றது. இம்மூன்றிடங்களிலும் காற்றின் தன்மை வேறு வேறாதலின், ஒரே தினுசுப் பெட்டி மூன்றிற்கும் பொருந்தாது.

இடத்தின் தன்மை

கிணற்றடியில் பெட்டியைக் கெடுப்பவை வெயிலும், ஈரமும், உப்புமாகும். வடபால் நொய்யலாற்றோரக் கிணறுகள் பலவற்றில் சாயக் கழிவின் உப்பு இறங்கியதை யாவரும் அறிவர். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதும் இக்கேட்டினாலேயே. இத்தகைய நீர் குழாய் இணைப்பிலிருந்து தெறித்துக் காய்ந்தால், அவ்வுப்பு தகட்டை அரிக்கும். மேலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக்காற்று புழுதியையும் சாரலையும் ஒருங்கே கொண்டுவரும்.

கோழிக் கொட்டகையில் எருவிலிருந்து எழும் அம்மோனியா ஆவி செம்பையும் பித்தளையையும் தாக்கவல்லது. முன்னாளில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமே வெடிப்புக் கண்டன. அதற்குக் காரணம் லாயத்து அம்மோனியாவே என்பது 1921-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. கொட்டகைப் பெட்டிக்குள் இருக்கும் பித்தளைத் திருகுகளுக்கும் செப்புக் கம்பிகளுக்கும் இவ்வபாயமே நேரும்.

தறிக் கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசு பெட்டியின் காற்றுத் துவாரங்கள் வழியே புகுந்து படியும். உள்ளே ஒரு சிறு பொறி எழினும் அது பற்றிக்கொள்ளும்.

பொருள்களின் குணதோஷங்கள்

1. மரம்: தேக்குப் பலகையானாலும் ஈரத்தை உறிஞ்சும், கறையான் அரிக்கும், தீப்பற்றும். இதனை அறவே விலக்குதல் நலம்.

2. பெயிண்டு பூசிய இரும்புத் தகடு: கிரயம் குறைவு; உறுதி மிகுதி; உள்ளே பிறக்கும் சூட்டை வெளிவிடும். ஆயினும் பெயிண்டு கீறிய இடத்தில் துரு தொடங்கிப் பரவும். 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகடு வேண்டாம். பெரிய பெட்டிக்கு 16 கேஜ் தகடு சிலாக்கியமானது.

3. நாகம் பூசிய தகடு: நாகம் தான் தேய்ந்து இரும்பைக் காக்கும். எனவே பூச்சின் கனமே அதன் ஆயுள். சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 120 கிராம் பூசியதும் உண்டு. 275 கிராம் பூசியதும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே மின்னும். ஆகவே வாங்குமுன் விசாரித்தறிக. அம்மோனியாவும் ஈரமும் கூடிய இடத்தில் நாகமும் விரைவில் தேயும்.

4. எவர்சில்வர்: 304 என்னும் தினுசில் ஏறக்குறைய நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. துருவையும் அம்மோனியாவையும் நன்கு தாங்கும். மிகுந்த உப்பு படியுமிடத்தில் இதிலும் சிறு குழிகள் விழும். அங்கே மாலிப்டினம் கலந்த 316 தினுசே உகந்தது. விலையோ மிக அதிகம். நிக்கல் குறைந்த மலிவுத் தினுசுகளை 304 என்று விற்பதுமுண்டாதலின், ரசீதில் தினுசை எழுதி வாங்குக.

5. கண்ணாடி நார்ப் பெட்டி: துருப்பிடிக்காது; மின்சாரம் பாயாது; உப்பையும் அம்மோனியா ஆவியையும் பெரும்பாலும் தாங்கும். பல ஆண்டு வெயிலில் மேற்பரப்பு தேய்ந்து நார் தெரியலாம். ஆகையால் நிழற்கூரை வேண்டும்.

6. பாலிகார்பனேட்டுப் பெட்டி: உடையாது; வெயில் தாங்கும் மருந்து கலந்ததாயின் வெளியிடத்திற்கும் ஏற்றது. ஆனால் அம்மோனியா இதனை நாளடைவில் நொறுங்கச் செய்யுமாதலால் கோழிக் கொட்டகைக்கு ஆகாது.

சூடும் எர்த்தும்

நிற்க, பிளாஸ்டிக்கும் கண்ணாடி நாரும் இரும்பைப்போல் சூட்டை வெளிவிடா. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் சூடு மிகுந்தால், மோட்டார் மிகைச்சுமை ஏற்காதபொழுதே ரிலே அணைத்துவிடும். அதற்காக ரிலேயின் அளவைத் திருகி உயர்த்துவோர், பின்பு மோட்டாரின் சுருள் கருகுவதையே காண்பர். வெளிர்நிறப் பெட்டி, சற்றுப் பெரிய அளவு, நிழல் இம்மூன்றுமே தக்க பரிகாரம்.

உலோகப் பெட்டிக்கு எர்த்துக் கம்பி இன்றியமையாதது. எலி கடித்த கம்பி பெட்டியைத் தொட்டால் பியூஸ் உருகிவிடும் என்று பலர் நம்பியிருக்கின்றனர். 240 வோல்ட்டில், எர்த்தின் தடை 20 ஓம் ஆயின், 12 ஆம்பியருக்கு மேல் ஓடாது. 30 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. பெட்டியோ மின்னேறியே நிற்கும். வறண்ட செம்மண்ணில் இத்தடை இன்னும் உயரும். எனவே எர்த்துக் குழிக்கு நீர் விடுவதுடன், மின்கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்துதல் அவசியம். பெட்டி பிளாஸ்டிக்காயினும் மோட்டாரின் உடலுக்கும் உலோகக் குழாய்க்கும் எர்த்துக் கம்பி தனியே செல்லவேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

பெட்டியின்மீது ஐ.பி. என்று இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இலக்கம் தூசுக்கும், இரண்டாவது நீருக்கும் உள்ள காப்பைக் குறிக்கும். நிழற்கூரையுள்ள கிணற்றடிக்கு ஐ.பி. 54 தக்கது, திறந்தவெளிக்கும் நீர் பீய்ச்சிக் கழுவும் கொட்டகைக்கும் ஐ.பி. 65 வேண்டும்.

நல்ல நீருள்ள கிணற்றடிக்குக் கனமான நாகப்பூச்சின்மேல் பெயிண்டு பூசிய தகடும், உப்புநீர்க் கிணற்றுக்குக் கண்ணாடி நாரும், கோழிக் கொட்டகைக்குக் கண்ணாடி நார் அல்லது எவர்சில்வரும், தறிக் கூடத்திற்குத் துவாரமற்றதும் மேற்புறம் சரிவானதுமான இரும்புத் தகடும் ஏற்றவை. கம்பிகளைப் பெட்டியின் அடிப்புறமாகவே, கிளாண்டு பொருத்தி, உட்செலுத்துக. மேற்புறம் துளைத்த ஒரு துளை எவ்வளவு உயர்ந்த பெட்டியையும் பயனற்றதாக்கும். பல்லியும் குளவியும் புகுவதும் இத்தகைய துளைகளின் வழியேயாம். கதவு தென்மேற்குத் திசையை நோக்காதிருத்தல் நலம்.

கிராம அதிகாரிகள் ஊராட்சிக் கிணற்று மோட்டார்ப் பெட்டிகளையும் தெருவிளக்குப் பெட்டிகளையும் மழைக்கு முன் ஒருமுறை தகுதிபெற்ற மின்பணியாளரைக்கொண்டு சோதிக்க ஏற்பாடு செய்யவேண்டும். குழந்தைகள் கைக்கெட்டும் உயரத்தில், கதவு கழன்று, அடித்தகடு துருவேறி நிற்கும் பெட்டியை மறுமழைவரை விட்டுவைத்தலாகாது. பெட்டியின் விலையில் மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாய், மோட்டார்ச் சுருள் கட்டும் ஒரு தடவைச் செலவுக்கே காணாது. உயிர்ச்சேதத்திற்கோ ஈடே இல்லை.