வெயில் மயக்கமா, ஹீட் ஸ்ட்ரோக்கா? 108-க்கு எப்போ போன் பண்ணணும்?

2024 அக்டோபர் 6, சென்னை மெரினா. விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். அன்று 5 பேர் இறந்தார்கள். வெயிலின் தாக்கம்தான் காரணம் என்றார் சுகாதாரத் துறை அமைச்சர். இத்தனைக்கும் அன்று சென்னையில் 40 டிகிரி கூட இல்லை!

அப்புறம் எப்படி? நம்ம உடம்புக்கு வியர்வைதான் கூலன்ட். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிஞ்சு போயிடும், சூடு உள்ளேயே தங்கிடும். நம்ம மாவட்டத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் இந்தக் கதைதான். உள்ளே விராலிமலை, இலுப்பூர் பக்கம் வறண்ட காற்று. அங்கே வியர்வை உடனே காய்ஞ்சுடும். எவ்வளவு தண்ணீர் போச்சுன்னே தெரியாது.

முதல் கட்டம் வெப்பச் சோர்வு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, நிறைய வியர்வை. ஆனால் ஆள் தெளிவாப் பேசுவார். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட மோர் கொடுங்க. அரை மணி நேரத்தில் சரியாகலைன்னா, வாந்தி நிற்கலைன்னா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

அடுத்தது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைப் பாதிக்கும். "உங்க பேரு என்ன? இப்ப எங்க இருக்கோம்?" என்று கேளுங்க. பதில் குளறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கி விழுந்தால் உடனே 108. வியர்வை நின்றிருக்கணும்னு அவசியமில்லை. வெயிலில் ஓடியாடி விளையாடினவருக்கு வியர்த்துக்கொண்டே ஹீட் ஸ்ட்ரோக் வரலாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீங்க. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்க. நினைவு தெளிவா இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, மூச்சுக்குழாய்க்குள் போயிடும். பாராசிட்டமாலும் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது.

நார்த்தாமலை பங்குனித் திருவிழாவோ, ஜல்லிக்கட்டோ, மே மாத கிரிக்கெட் டோர்னமென்டோ, பக்கத்தில் ஒருத்தர் திடீர்னு உளறினால் "குடிச்சிருக்கார் போல"ன்னு விலகிப் போகாதீங்க. முதலில் தொட்டுப் பாருங்க. உடம்பு கொதிக்குதுன்னா, தண்ணீரை எடுங்க, போனையும் எடுங்க.