தளத்துக்கு மேலே ஒரு வைக்கோல் மெத்தை

திருப்பனந்தாள் சுற்றுவட்டாரத்தில் சித்திரை, வைகாசி ராத்திரிகளில் தொகுப்பு வீட்டுக்காரர்கள் வாசலில்தான் படுக்கிறார்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. மின்விசிறி சுற்றினால் அனல்தான் வருகிறது. கீற்று வேய்ந்து மேலே வைக்கோல் போட்ட பழைய வீட்டில் இந்த அவதி இல்லை.

காரணம் காற்று. வைக்கோல் தாள் உள்ளே குழலாக இருக்கும். தாளுக்கும் தாளுக்கும் நடுவிலும் காற்று அடைபட்டுக் கிடக்கும். அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.026 வாட்தான். இறுகக் கட்டிய வைக்கோலுக்கு ஏறக்குறைய 0.06. கான்கிரீட்டுக்கோ 1.4-க்கும் மேல்.

அதற்காகக் கீற்றுக்கே திரும்பலாம் என்று எழுத எனக்குக் கை வராது. பக்கத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று, தீப்பிடித்த பள்ளிக்கூடக் கூரை 94 குழந்தைகளைப் பலிகொண்டது. 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் கலைஞர் கனவு இல்லம் திட்டமும் நியாயமானதே. ஆனால் ஏழைக்குக் கிடைக்கும் வீடு தூங்கவும் லாயக்காக இருக்க வேண்டாமா?

வழி நம் மண்சுவரிலேயே இருக்கிறது. வைக்கோலை நறுக்கிக் களிமண்ணில் போட்டு, மிதித்துப் புளிக்கவைத்துச் சுவர் எழுப்பினார்கள். காயும்போது டெல்டாக் களிமண் பாளம்பாளமாக வெடிக்கும். நார் அதைப் பிடித்து நிறுத்தும். சூட்டையும் தடுக்கும். மண் பூசிய நாரில் தீயும் எளிதில் பரவாது. நாரும் பிணைப்பும் சேர்ந்த கலப்புப் பொருள் என்று இன்று ஆய்வுக்கூடங்களில் சொல்வது இந்த வகைதான். தேங்காய் நார், வாழை நார், வைக்கோல் எல்லாவற்றிலும் பலகை செய்கிறார்கள்.

பலகையை அழுத்த அழுத்த உறுதி கூடும். காற்று வெளியேறிவிடுவதால் குளுமை குறையும். ஆகவே பாரத்தைக் கான்கிரீட்டே தாங்கட்டும். லேசான நார்ப்பலகையைத் தளத்துக்கு மேலே பரப்பி, அதன்மேல் ஓடு பதிக்கலாம். தளமே சூடேறாது, வீட்டுக்குள் எரியக்கூடிய பொருளும் இராது. ஈரம்தான் பெரிய எதிரி. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஐப்பசி மழையில் நனைந்த பலகையால் பயனில்லை. லிக்னின் மிகுந்த தேங்காய் நார் சீக்கிரம் மக்காது என்றாலும், நீர்த்தடுப்புப் பூச்சில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சம்பா அறுவடை முடிந்ததும் இங்கிருந்து வைக்கோல் உருளைகள் லாரி லாரியாகப் போகின்றன. மாட்டுக்குப் போக மிஞ்சுவதைக் கொண்டு தஞ்சை வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகள் வரும் கோடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே தெருவில், ஒரே அளவில் இரண்டு தொகுப்பு வீடுகள்; ஒன்றின் தளத்தில் மட்டும் பலகை; இரண்டிலும் ராத்திரி பத்து மணிக்கு வெப்பமானி.