புலியின் வரியும் படத்தின் தெளிவும்

வனவிலங்குகளை நிழற்படம் எடுப்பது ஒரு பொழுதுபோக்கு என்றே பலர் எண்ணுவர். ஆயினும் நம் நாட்டில் அது புலிகளை எண்ணுவதற்குரிய விஞ்ஞானக் கருவியாகவும் விளங்குகிறது. மனிதரின் கைரேகையைப் போலவே, புலியின் உடல் வரிகளும் ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு அமைவதில்லை. விலாவின் வரிகள் படத்தில் தெளிவாகப் பதிந்தால் அது எந்தப் புலி என்று கூறிவிடலாம். படம் மங்கினாலோ ஒரே புலி இரண்டாக எண்ணப்படக்கூடும், எண்ணப்படாமலே போகவுங்கூடும்.

முன்னர்ப் பல்லாண்டுகள் காலடித் தடங்களைக் கொண்டே புலிகள் எண்ணப்பட்டு வந்தன. ராஜஸ்தானத்தின் சரிஸ்காக் காட்டில் புலிகளே இல்லை என்பது 2005-இல் உறுதியானபோது, அம்முறையின் மீதிருந்த நம்பிக்கை குலைந்தது. கர்நாடகத்தின் நாகரஹொளெ வனத்தில் விஞ்ஞானி உல்லாஸ் காரந்த் தானியங்கிக் காமிராக்களைக் கொண்டு நடத்தி, 1995-இல் வெளியிட்ட ஆய்வு புதிய முறைக்கு வழிகாட்டியது.

மங்கலின் காரணங்கள்

படம் மங்குவதற்கு முக்கிய காரணங்கள் மூன்று: விலங்கின் அசைவு, காமிராவின் அசைவு, குவியத்தில் நேரும் பிழை.

நடந்து செல்லும் புலி வினாடிக்கு 1 மீட்டர் கடப்பதாகக் கொள்வோம். ஷட்டர் 1/30 வினாடி திறந்திருப்பின், அதற்குள் புலி 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். வரிகளின் ஓரங்கள் கலைந்து தோன்றும். 1/1000 வினாடியிலோ நகர்வு 1 மி.மீ. மட்டுமே.

தொலைவிலுள்ள விலங்கைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லை, கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கிவிடுகிறது. 35 மி.மீ. காமிராவில் 400 மி.மீ. குவியதூர வில்லையைக் கையில் ஏந்திப் படமெடுப்போர், 1/400 வினாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தலாகாது என்பது பொது விதி. ஊர்தியின் எஞ்சினை நிறுத்திவிட்டு, மணல் நிரப்பிய பையின் மீது வில்லையைத் தாங்கச் செய்வது மிகுந்த பயன் தரும்.

அதே வில்லையை 5.6 என்னும் திறப்பில் வைத்து, 20 மீட்டர் தொலைவிலுள்ள புலியைக் குவியப்படுத்தினால், தெளிவாக அமையும் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆகவே நேரெதிரே நிற்கும் புலியின் முகம் தெளிந்து, பின்னுடல் மங்கும். பக்கவாட்டில் நிற்கும்போது விலா முழுவதும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், வரிகள் யாவும் நன்கு பதியும்.

ஆளில்லாக் காமிரா

1920-களில் வன அதிகாரி எப். டபிள்யூ. சாம்பியன், புலியின் கால் கம்பியில் இடறும்போது தானே இயங்கும் காமிராவை அமைத்து இரவில் படமெடுத்தார். இக்காலக் கருவிகளோ விலங்கின் உடல் வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து இயங்குகின்றன. இரவில் அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்தினால் ஒளி குறைவாதலால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க நேரும்; படம் மங்கும். வெண்ணிற மின்வெட்டு விளக்கின் ஒளி மிகக் குறுகிய கணமே நீடிப்பதால் வரிகள் கூர்மையாகப் பதிகின்றன.

புலியின் இடப்புற வரிகளும் வலப்புற வரிகளும் வேறானவை. ஆதலால் காட்டுப்பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் இரு காமிராக்கள் பொருத்தப்படுகின்றன. ஒன்றின் ஒளி மற்றதன் வில்லையில் நேரே விழாதவாறு சற்றே விலக்கி வைத்தல் வேண்டும். வில்லையின் மீது படியும் பனியும் தூசியும் அவ்வப்போது துடைக்கப்படவேண்டும்.

2022-ஆம் ஆண்டின் நாடு தழுவிய கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த 4 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட படங்களுள் புலியின் படங்கள் 97,399 மட்டுமே. அவற்றின் வரிகளை ஒப்பிட்டு 3,080 தனித்தனிப் புலிகள் இனங்காணப்பட்டன. எனவே காமிராவைச் செவ்வையாகப் பொருத்துவதற்கு வன ஊழியர் செலவிடும் சில நிமிடங்கள் ஒருபோதும் வீணாவதில்லை. காட்டில் எத்தனை புலிகள் உள்ளன என்பதைச் சரிவர அறிந்தாலன்றி, அவற்றைக் காக்கும் திட்டமும் சரிவர அமையாது.